கண்ணுக்குத் தெரியாத பந்து

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரை. நற்செய்தி: மாற்கு 8:22-26)



இன்றைய நற்செய்தியில், பெத்சாய்தா ஊரில் பார்வையற்ற ஒருவரை மக்கள் இயேசுவிடம் கொண்டு வருகிறார்கள். ஆண்டவர் அவருடைய கையைப் பிடித்து ஊருக்கு வெளியே அழைத்துப் போகிறார். கண்களில் உமிழ்ந்து, கைகளை அவர்மேல் வைத்து, ஏதாவது தெரிகிறதா என்று விசாரிக்கிறார். அந்த மனிதர் நிமிர்ந்து பார்க்கிறார். ஆட்கள் நடமாடுவது தெரிகிறது. ஆனால் அவர்கள் மரங்களைப் போலத் தெரிகிறார்கள். ஆண்டவர் இரண்டாவது முறையும் கைகளை வைக்கிறார். அதற்குப் பிறகுதான் அவருக்கு எல்லாம் தெளிவாகத் தெரிகிறது.

இயேசு எத்தனையோ பேரைக் குணமாக்கினார். தொட்டார், குணமானார்கள். தொலைவிலிருந்து ஒரு சொல் சொன்னார், குணமானார்கள். இப்படி இரண்டு முறை கைவைத்துக் குணமாக்கினார் என்று நற்செய்தியில் நாம் வாசிப்பது இந்த ஓரிடத்தில் மட்டும்தான். முதல் முறை கைவைத்ததற்கும் இரண்டாம் முறை கைவைத்ததற்கும் நடுவில் இருந்த அந்தச் சில நொடிகளைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். அதற்கு நான் எங்கள் பங்கின் இளைஞர் மன்றத்தில் கிடக்கும் ஒரு பூல் மேசையிலிருந்து தொடங்க வேண்டும். சற்றுப் பொறுமையாகக் கேளுங்கள்.

எங்கள் பங்கு நீலகிரி மலையில் இருக்கிறது. சென்ற ஆண்டு இங்கே ஒரு விருந்தினர் விடுதியை மூடினார்கள். அங்கிருந்த பழைய பூல் மேசையை எங்கள் இளைஞர்களுக்கு இலவசமாகவே கொடுத்தார்கள். பச்சைத் துணி விரித்த மேசை, ஆறு குழிகள், பதினாறு பந்துகள், நுனி தேய்ந்த நான்கு கோல்கள். கேரம் விளையாட்டைப் பெரிதாக்கி, காய்களுக்குப் பதிலாகப் பந்துகளையும், விரலுக்குப் பதிலாகக் கோலையும் வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் பந்து ஒன்றை மட்டுமே கோலால் தள்ளலாம். அது போய் மற்றப் பந்தை இடித்துக் குழியில் விழவைக்க வேண்டும்.

பெரியவர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். “சாமி, கோயில் வளாகத்துக்குள்ள இதெல்லாம் எதுக்கு?” என்று கேட்டார்கள். நான் அவர்களுக்குப் புனித இஞ்ஞாசியாரைப் பற்றி இயேசு சபையினர் வழிவழியாகச் சொல்லிவரும் ஒரு கதையைச் சொன்னேன். பாரிசு நகரில் அவர் படித்துக்கொண்டிருந்த காலம். இறையியல் அறிஞர் ஒருவரை ஆன்மிகப் பயிற்சி செய்ய வைக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அறிஞரோ பிடிகொடுக்கவில்லை. ஒருநாள் அவர் பில்லியர்ட்ஸ் மேசையில் விளையாடிக்கொண்டிருந்தபோது இஞ்ஞாசியார் போய்ச் சேர்ந்தார். விளையாட வருகிறீர்களா என்று அறிஞர் வேடிக்கையாக அழைத்தார். பந்தயம் கட்ட இஞ்ஞாசியாரிடம் பணம் இல்லை. “நான் தோற்றால் ஒரு மாதம் உங்களுக்குப் பணிவிடை செய்கிறேன். நீங்கள் தோற்றால் நான் சொல்வதை ஒரு மாதம் செய்ய வேண்டும்” என்று பேசி முடித்தாராம். விளையாட்டே தெரியாத இஞ்ஞாசியார் வென்றுவிட்டாராம். அந்த அறிஞர் முப்பது நாள் ஆன்மிகப் பயிற்சியில் உட்கார்ந்தாராம். கதையைக் கேட்ட பெரியவர்கள் சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள். மேசை தங்கிவிட்டது.

எங்கள் பங்கில் ஒரு தாத்தா இருக்கிறார். எழுபது வயதைத் தாண்டியவர். மலையில் ஒரு கிளப்பில் நாற்பது ஆண்டுகள் பில்லியர்ட்ஸ் மார்க்கராக வேலை பார்த்தவர். மார்க்கர் என்றால் ஆட்டத்தின் கணக்கைச் சொல்பவர், மேசையைத் துடைத்துப் பராமரிப்பவர், விளையாட வருகிறவர்களுக்குக் கற்றுக்கொடுப்பவர். மலைக்காரர்களுக்கு இதில் ஒரு பெருமை உண்டு. ஸ்னூக்கர் என்ற விளையாட்டு 1875-ஆம் ஆண்டு ஜபல்பூரில், நெவில் சேம்பர்லின் என்ற இளம் இராணுவ அதிகாரியால் தொடங்கிவைக்கப்பட்டது. பிறகு அவர் உதகைக்கு வந்தார். 1882-இல் அதன் விதிகள் உதகை கிளப்பில் எழுதி மாட்டப்பட்டன. தாத்தா இதை ஏதோ தன் கண்முன்னே நடந்ததைப் போலச் சொல்வார்.

நானும் குருமடக் காலத்திலிருந்து கேரம், பூல் எல்லாம் விளையாடியவன்தான். சுமாராக விளையாடுவேன். ஒருநாள் மாலை செபமாலை முடிந்து, தாத்தாவிடம் என் திறமையைக் காட்டலாம் என்று கோலை எடுத்தேன். அவர் பத்துப் பந்துகளை ஒவ்வொன்றாக வைத்தார். ஆறு விழுந்தன. எனக்கு மகிழ்ச்சி. தாத்தா சொன்னார்: “சாமி, விழுந்த ஆறும் நேர்ப் பந்து. விழாத நாலும் சாய்ஞ்ச பந்து. நீங்க குறி பாக்குற விதமே தப்பு.”

எனக்குச் சுருக்கென்றது. எங்கே தப்பு என்று கேட்டேன். அவர் விளக்கியதை உங்களுக்கும் சொல்கிறேன். வீட்டில் கேரம் பலகை இருந்தால் அதிலும் சோதித்துப் பார்க்கலாம்.

குழிக்குள் ஒரு பந்து போக வேண்டுமானால், அந்தப் பந்தின் முதுகில், குழிக்கு நேர் எதிரே உள்ள ஒரு புள்ளியில் இடி விழ வேண்டும். இது எல்லாருக்கும் தெரியும். ஆகவே நாம் அந்தப் புள்ளியைப் பார்த்து, வெள்ளைப் பந்தின் நடுவை அதற்கு நேராக அனுப்புகிறோம். அங்கேதான் தவறு. வெள்ளைப் பந்துக்கு உடம்பு இருக்கிறது. பூல் பந்தின் குறுக்களவு இரண்டே கால் அங்குலம், அதாவது ஏறக்குறைய 57 மில்லிமீட்டர். அதன் நடு போய் அந்தப் புள்ளியைச் சேர்வதற்கு முன்பே அதன் விலாப்பக்கம் வேறோர் இடத்தில் முட்டிவிடும். கண் பார்த்தது ஓரிடம், பந்து தொட்டது வேறிடம். குழி, வண்ணப் பந்து, வெள்ளைப் பந்து மூன்றும் ஒரே கோட்டில் இருந்தால் இந்தத் தவறு வெளியே தெரியாது, பந்து விழுந்துவிடும். கோணம் சாயச் சாயத் தவறு பெரிதாகும்.

அப்படியானால் எதைக் குறி பார்ப்பது? தாத்தா இன்னொரு பந்தை எடுத்து வந்தார். குழிக்குப் போக வேண்டிய பந்தின் பின்னால், அதை ஒட்டியபடி, குழிக்கு நேர்கோட்டில் அதை வைத்தார். “வெள்ளைப் பந்து இங்கதான் வந்து நிக்கணும் சாமி. இதோட நடுவைப் பாருங்க. நல்லா மனசுல வாங்கிக்கோங்க” என்றார். பிறகு அந்தப் பந்தைக் கையால் எடுத்துவிட்டார். அங்கே வெறும் பச்சைத் துணிதான் இருந்தது. “இப்ப அது அங்கேயே இருக்கறதா நினைச்சு, அதைப் பார்த்து அடிங்க.”

இதற்கு ஆங்கிலத்தில் ‘கோஸ்ட் பால்’ என்று பெயர். பேய்ப் பந்து! பயப்பட வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத பந்து, அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரிகிற பந்தைப் பார்க்காமல், தெரியாத பந்தைக் குறிவைக்க வேண்டும். கேட்டபோது எளிதாக இருந்தது. விளையாடியபோது என் பொறுமை போயிற்று.

முதல் வாரம் பத்துக்கு மூன்று விழுந்தன. இரண்டாம் வாரம் பத்துக்கு இரண்டு. ஆறு போட்டவன் இரண்டுக்கு இறங்கிவிட்டேன். பீடச் சிறுவர்கள் சுற்றி நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் கோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, “தாத்தா, உங்க முறை எனக்கு ஒத்துவரல. எனக்குத் தெரிஞ்ச மாதிரியே விளையாடிக்கிறேன்” என்று சொல்லிவிட்டேன். மறையுரைகளில் விடாமுயற்சியைப் பற்றி எத்தனையோ முறை பேசியவன்தான் நான்.

தாத்தா கோபப்படவில்லை. அவர் சொன்ன காரணம் இன்றுவரை என் மனத்தில் நிற்கிறது. “சாமி, இவ்வளவு வருசமா உங்க கண்ணு தப்பாப் பாத்துச்சு. அதுனால உங்க கை, கடைசி நேரத்துல கொஞ்சம் தள்ளி அடிச்சு அந்தத் தப்பைச் சரிக்கட்டப் பழகிடுச்சு. உங்களுக்கே தெரியாது. இப்ப கண்ணு சரியாப் பாக்குது. ஆனா கைக்கு அது தெரியல. அது இன்னும் பழைய மாதிரி தள்ளிக்கிட்டே இருக்கு. அதான் பந்து இப்ப அந்தப் பக்கம் போகுது. கைக்குக் கொஞ்சம் நாள் குடுங்க.”

அன்பார்ந்தவர்களே, அதே வாரங்களில் எங்கள் பங்கில் இன்னொரு போராட்டம் நடந்துகொண்டிருந்தது. அந்தக் குடும்பத்தின் அனுமதியோடு, பெயர் சொல்லாமல் இதைச் சொல்கிறேன்.

மலைக் காய்கறியை லாரியில் ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கொண்டுபோகும் தம்பி ஒருவர். பல ஆண்டுகளாகக் குடித்தவர். தவக்காலத்தில் மனம் மாறினார். ஒப்புரவு அருள்சாதனம் பெற்றார். தானாக நிறுத்துவது உடலுக்கு ஆபத்தாகலாம் என்பதால் மருத்துவரிடம் அழைத்துப்போனோம். மாத்திரை எடுத்துக்கொண்டார். ஏ.ஏ. குழுக் கூட்டத்துக்கும் போகத் தொடங்கினார். அவருக்கு மிகவும் கடினமான நேரம் மாலை ஆறு மணி. லாரியை நிறுத்திவிட்டு இறங்கியதும் கால்கள் தாமாகவே கடையின் பக்கம் திரும்பும். அந்த ஒரு மணி நேரத்தைக் கடத்தத்தான் அவர் இளைஞர் மன்றத்துக்கு வந்தார். தாத்தா அவருக்கும் கோலைக் கொடுத்தார்.

ஆறாவது வாரம் அவருடைய மனைவி என்னைப் பார்க்க வந்தார். மகிழ்ச்சியாக நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் அழுதுவிட்டார். “சாமி, சொன்னா தப்பா நினைக்காதீங்க. இவரு குடிச்சப்பவே நல்லா இருந்தாரு. அப்பவாச்சும் வீட்ல ஒரு சிரிப்பு இருந்துச்சு. இப்ப எதைச் சொன்னாலும் எரிஞ்சு விழறாரு. தூங்கறதில்லை. பிள்ளைங்க பக்கத்துலயே போறதில்லை. எதுக்கு சாமி இந்தக் கஷ்டம்?”

என்னிடம் உடனே பதில் இல்லை. அவர் போன பிறகு, தாத்தா சொன்னதுதான் நினைவுக்கு வந்தது. கண் சரியாகிவிட்டது, கைக்கு இன்னும் தெரியவில்லை.

யோசித்துப் பார்த்தேன். அந்த வீட்டில் குடித்தவர் ஒருவர்தான். ஆனால் அந்தக் குடிக்கு ஏற்பத் தங்களைச் சரிக்கட்டிக்கொண்டவர்கள் நான்கு பேர். மனைவி சம்பளப் பணத்தை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைக்கப் பழகியிருந்தார். மகன் அப்பாவின் காலடிச் சத்தம் கேட்டதும் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போகப் பழகியிருந்தான். மகள் எதற்கும் பதில் பேசாமல் இருக்கப் பழகியிருந்தாள். அந்தத் தம்பியும் தன் பயம், களைப்பு, கடன்கவலை எல்லாவற்றையும் மதுவில் மூழ்கடிக்கப் பழகியிருந்தார். இப்போது அவர் குறி மாறிவிட்டது. ஆனால் நான்கு பேருடைய கைகளும் பழைய திசையிலேயே தள்ளிக்கொண்டிருந்தன. மனைவி இன்னும் பணத்தை ஒளிக்கிறார், அவருக்கு அது அவமானமாக இருக்கிறது. மகன் இன்னும் பின்கட்டுக்கு ஓடுகிறான், அவருக்கு அது வலிக்கிறது. யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லாருக்கும் கொஞ்சம் நாள் வேண்டியிருந்தது.

இதை விவிலியம் நன்றாக அறிந்திருக்கிறது. எபிரேய மொழியில் பாவம் செய்வதைக் குறிக்கும் சொல்லுக்குக் குறி தவறுதல் என்ற பொருளும் உண்டு. நீதித்தலைவர்கள் நூல் 20-ஆம் அதிகாரத்தில், பென்யமின் குலத்தைச் சேர்ந்த 700 இடக்கை வீரர்களைப் பற்றி வாசிக்கிறோம். கவணில் கல் வைத்து எறிந்தால் மயிரிழையும் தவறாதவர்கள். அங்கே தவறுதல் என்பதற்கு வருவதும் அதே சொல்தான். பாவம் என்றால் குறி தவறுவது. மனம் மாறுவது என்றால் சரியான குறிக்குத் திரும்புவது. ஆனால் குறி மாறிய அன்றே எல்லா எறிகளும் சரியாக விழுந்துவிடும் என்று திருநூல் எங்கும் சொல்லவில்லை.

இஸ்ரயேல் மக்களைப் பாருங்கள். எகிப்திலிருந்து விடுதலை பெற்றுவிட்டார்கள். கடலைக் கடந்துவிட்டார்கள். குறி சரியாகிவிட்டது, இனி வாக்களிக்கப்பட்ட நாடுதான். ஆனால் எண்ணிக்கை நூல் 11-ஆம் அதிகாரத்தில் அவர்கள் அழுகிறார்கள். எதை நினைத்து? எகிப்தில் சாப்பிட்ட மீனையும் வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் பூண்டையும் நினைத்து. அடிமை வேலையும் சாட்டையும் மறந்துபோயின, வெங்காயம் மட்டும் நினைவில் நிற்கிறது. பாலைவனத்தின் நடுவே நிற்கிறவர்களுக்குப் பின்னால் இருப்பதெல்லாம் இனிப்பாகத் தெரியும். நான் என் பழைய ஆறு பந்துகளை நினைத்தேன். அந்தச் சகோதரி வீட்டின் பழைய சிரிப்பை நினைத்தார். வெங்காயம்தான் வேறு வேறு.

இஞ்ஞாசியாரிடமும் ஒரு முறை திரும்பி வருவோம். பில்லியர்ட்ஸ் மேசையில் அவர் பயிற்சியே இல்லாமல் வென்றார் என்ற கதையை எல்லாரும் விரும்பிக் கேட்பார்கள். ஆனால் அவரே தம் வாழ்க்கையைப் பற்றிச் சொல்லி எழுதவைத்த நூலில் வேறொரு நிகழ்ச்சி இருக்கிறது. அதைத்தான் நான் உங்களுக்கு இன்று கொடுக்க விரும்புகிறேன்.

1521-இல் பம்பலோனாவில் குண்டு பட்டுக் கால் உடைந்த படைவீரர் அவர். மனம் மாறி, எருசலேமுக்குத் திருப்பயணம் போய்த் திரும்பினார். ஆன்மாக்களுக்கு உதவ வேண்டுமானால் படிக்க வேண்டும் என்று முடிவு செய்தார். 1524-இல் பார்சலோனா நகரில், முப்பது வயதைக் கடந்தவர், சிறுவர்களோடு சேர்ந்து இலத்தீன் இலக்கணம் கற்கத் தொடங்கினார். மனப்பாடம் செய்ய உட்கார்ந்தால் வரவில்லை. வேடிக்கை என்னவென்றால், அந்த நேரம் பார்த்து ஆழ்ந்த பக்தி எண்ணங்கள் மனத்தில் பொங்கி வந்தன. விரட்டினாலும் போகவில்லை. செபத்திலும் திருப்பலியிலும்கூட வராத தெளிவு இலக்கணப் பாடத்தின்போது மட்டும் ஏன் வருகிறது என்று யோசித்தார். இது சோதனை என்று கண்டுகொண்டார். படிப்பை விட்டுவிடச் செய்ய, பக்தி உருவத்தில் வந்த சோதனை! உடனே ஆசிரியரை ஒரு கோயிலுக்கு அழைத்துப்போய் நடந்ததை மறைக்காமல் சொன்னார். பார்சலோனாவில் உயிர்வாழ ரொட்டியும் தண்ணீரும் கிடைக்கும்வரை, இந்த இரண்டு ஆண்டும் ஒரு வகுப்பையும் தவறவிட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். அதன்பின் அந்தச் சோதனை வரவில்லை என்கிறார்.

சலிப்பு எப்போதும் சலிப்பின் முகத்தோடு வருவதில்லை, அன்பர்களே. சில நேரம் நல்ல யோசனையைப் போல வரும். ‘இந்த முறை எனக்கு ஒத்துவராது’ என்று வரும். ‘இதைவிட நல்லது வேறு ஏதாவது செய்யலாமே’ என்று வரும். ‘முன்பு இருந்ததே தேவலை’ என்று வரும். இஞ்ஞாசியார் அதனோடு வாதாடிக்கொண்டிருக்கவில்லை. இன்னொருவரிடம் வாய்விட்டுச் சொன்னார், மறுநாள் வகுப்புக்குப் போனார்.

இப்போது பெத்சாய்தா மனிதரிடம் வருவோம். முதல் முறை கை வைத்ததும் ஆண்டவர் கேட்டபோது அவர் என்ன செய்தார்? ‘நன்றாகத் தெரிகிறது, நன்றி’ என்று பொய் சொல்லவில்லை. குணமாக்க வந்தவரின் மனம் நோகுமே என்று பூசி மெழுகவில்லை. ‘உமது வல்லமை இவ்வளவுதானா’ என்று கோபித்துக்கொண்டு எழுந்து போகவும் இல்லை. என்ன தெரிந்ததோ அதை அப்படியே சொன்னார். ஆள்களும் மரங்களும் வேறுபாடு தெரியவில்லை என்றார். சொல்லிவிட்டு அங்கேயே நின்றார். அவர் அங்கே நின்றதால்தான் இரண்டாம் முறை கை வைக்கப்பட்டது.

அரைகுறையாகத் தெரிந்த அந்த நேரத்திலும் ஆண்டவர் அவரை விட்டு விலகவில்லை. கை எட்டும் தூரத்தில்தான் நின்றார். ஆகவே அன்பார்ந்தவர்களே, நல்ல வழியில் திரும்பிய பிறகு வாழ்க்கை முன்னைவிட மோசமாகத் தெரிந்தால், ஆண்டவர் கைவிட்டுவிட்டார் என்று அவசரப்பட்டு முடிவு செய்ய வேண்டாம். ஒருவேளை நீங்கள் இரண்டு தொடுதல்களுக்கு நடுவில் நிற்கலாம்.

அந்தச் சகோதரியை மறுநாள் போய்ப் பார்த்தேன். இதையெல்லாம் பாடமாகச் சொல்லவில்லை. பூல் மேசையில் எனக்கு நடந்ததை மட்டும் சொன்னேன். “ஆறு போட்டவன் ரெண்டு போடறேன்மா. தாத்தா கைக்கு நாள் குடுங்கன்னு சொல்றாரு” என்றேன். அவர் முதல் முறையாகச் சிரித்தார். “அப்ப நானும் பணத்தை ஒளிக்கிறதை நிறுத்தணுமா சாமி?” என்று கேட்டார். “ஒரேயடியா வேண்டாம்மா. ஒரு வாரத்துச் செலவுப் பணத்தை மட்டும் வெளியில வைங்க, பாப்போம்” என்றேன்.

கதை அங்கே நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல ஆசைதான். ஆனால் பத்தாவது வாரம், மண்டியிலிருந்து இரவு திரும்பி வரும்போது, அந்தத் தம்பி குடித்துவிட்டார். நான்கு நாள் மன்றத்தின் பக்கம் வரவில்லை. ஐந்தாம் நாள் மாலை ஆறு மணிக்கு வந்து வாசலிலேயே நின்றார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். தாத்தா என் தோளைத் தொட்டு நிறுத்தினார்.

தாத்தாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. பயிற்சிக்குப் பந்து வைக்கும் இடத்தில், பச்சைத் துணியின் மேல் சாக்கட்டியால் சிறிய புள்ளி ஒன்று வைத்திருப்பார். அடி தவறினால் பேச மாட்டார். பந்தை எடுத்து வந்து மறுபடியும் அதே புள்ளியில் வைப்பார். அன்றும் அதையே செய்தார். பந்தைப் புள்ளியில் வைத்தார், கோலை நீட்டினார், “வா தம்பி” என்றார். அவர் வந்தார். மறுநாள் மருத்துவரிடமும் போனார். அந்த வாரமே பாவசங்கீர்த்தனத்துக்கும் வந்தார்.

அன்று இரவு நான் நற்கருணைப் பேழையின் முன் அமர்ந்தபோது நினைத்தேன். ஒப்புரவு அருள்சாதனம் என்று நாம் கொண்டாடுவதும் இதுவே அல்லவா? எத்தனை முறை தவறினாலும், ஆண்டவர் பந்தை எடுத்து அதே புள்ளியில் வைக்கிறார். தவறிய அடிகளின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அவர் காத்திருக்கவில்லை.

உங்களில் சிலர் இன்று இதே நடுவழியில் நின்றுகொண்டிருக்கலாம். பக்கவாதத்துக்குப் பிறகு இடக்கையால் எழுதப் பழகுகிறவர்கள் இருக்கலாம். கணவரை இழந்து, வங்கிக் கணக்கையும் வீட்டு வரவுசெலவையும் முதன்முறையாகத் தனியே பார்க்கிறவர்கள் இருக்கலாம். பேசாமலிருந்த அண்ணனோடு மீண்டும் பேசத் தொடங்கி, பேசாதிருந்த காலமே நிம்மதி என்று எண்ணுகிறவர்கள் இருக்கலாம். தினமும் பத்து நிமிடம் அமைதியாகச் செபிக்க உட்கார்ந்து, வீட்டு வேலை நினைப்பைத் தவிர வேறெதுவும் வராமல் எழுந்துவிடுகிறவர்கள் இருக்கலாம். உங்களுக்கு மூன்றே மூன்று காரியங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, தெரிவதை மறைக்காமல் சொல்லுங்கள். ‘ஆண்டவரே, எனக்கு ஆள்கள் மரங்களைப் போலத்தான் தெரிகிறார்கள்’ என்பதும் நல்ல செபமே. ஆண்டவரிடம் சொல்வதோடு, நம்பிக்கையான ஒருவரிடமும் சொல்லுங்கள்.

இரண்டாவது, பழைய பழக்கம் கையில் இன்னும் இருக்கிறது என்பதை ஏற்றுக்கொள்ளுங்கள். உங்கள் கையில் மட்டுமல்ல, உங்கள் வீட்டார் கையிலும் இருக்கிறது. மனம் மாறியவர், ‘இன்னும் என்னை நம்பவில்லையே’ என்று கோபிக்க வேண்டாம். வீட்டார், ‘இன்னும் முழுசாத் திருந்தலையே’ என்று குத்திக்காட்ட வேண்டாம். ஒருவருக்கொருவர் நாள் கொடுங்கள்.

மூன்றாவது, ஊருக்குள் திரும்பிப் போகாதீர்கள். நற்செய்தியின் கடைசி வரியைக் கவனித்தீர்களா? பார்வை பெற்றவரை ஆண்டவர் அவருடைய வீட்டுக்கு அனுப்புகிறார், ஆனால் ஊருக்குள் நுழைய வேண்டாம் என்கிறார். வீட்டுக்குப் போக வேறு வழி உண்டு. எங்கள் தம்பி இப்போது லாரியை வேறோர் இடத்தில் நிறுத்துகிறார். கால் மணி நேரம் கூடுதலாக நடக்கிறார். கடை இருக்கும் தெரு வழியாக அவர் வருவதில்லை.

நான் அந்த முறையைக் கற்கத் தொடங்கி இப்போது ஏழு மாதங்கள் ஆகின்றன. பத்துக்கு ஆறு விழுகின்றன. ‘பழைய ஆறுக்குத்தானே திரும்பி வந்திருக்கிறீர்கள்’ என்று பீடச் சிறுவர்கள் கேலி செய்கிறார்கள். ஆனால் இந்த ஆறில் சாய்ந்த பந்துகளும் இருக்கின்றன. தாத்தா அதைக் கணக்குப் பலகையில் தனியாகக் குறித்து வைத்திருக்கிறார். அந்தத் தம்பி என்னைவிட நன்றாக விளையாடுகிறார். சென்ற வாரம் அவருடைய மகனும் மன்றத்துக்கு வந்தான். அப்பாவின் பக்கத்தில் இல்லை, மேசையின் அந்தப் பக்கம் நின்றுகொண்டுதான் பார்த்தான். ஆனால் வந்தான்.

செபிப்போம். எங்கள் கையைப் பிடித்து ஊருக்கு வெளியே அழைத்துச் செல்லும் ஆண்டவரே, இன்னும் தெளிவாகப் பார்க்காத எங்கள் கண்களையும், இன்னும் பழகாத எங்கள் கைகளையும் உம்மிடம் ஒப்படைக்கிறோம். குடிநோயிலிருந்து விடுபடப் போராடும் எங்கள் சகோதர சகோதரிகளையும், அவர்களோடு காத்திருக்கும் குடும்பங்களையும் ஆசீர்வதியும். தவறிய ஒவ்வொரு முறையும் மீண்டும் தொடங்க எங்களுக்குத் துணிவு தாரும். நீர் இரண்டாம் முறை கைவைக்கும்வரை, எழுந்து போய்விடாமல் உம் அருகிலேயே நிற்க வரம் தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.

எல்லாம் வல்ல இறைவன், தந்தை, மகன், தூய ஆவியார், உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக. இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க!